தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியம் கணக்கு

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தடவை ஆரோக்கியம் சம்பந்தமாக ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி ஆகிய மூன்றைப் பற்றியும் பேச இங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் தகுதி உண்டு. ஆகையால் அதிகம் பேசப்படாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். தைராய்டு சுரப்பியை ஆபரேஷன் செய்து எடுத்த பிறகு சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்துவிடுகிறது. அதை வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும், கவனிக்கிறோம் என்று அளவுக்கு மீறிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதே இன்றைய பேச்சு.

நான் டாக்டர் அல்ல. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அதன் பிறகு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல்களோடு காலம் கழித்தவன். என் தங்கைக்கு இந்தக் குறை இருக்கிறது. அவளுடைய மருத்துவ ஃபைலைப் பராமரிக்கும் பொறுப்பு ரிடையர் ஆன பிறகு என்னிடம் வந்தது. அவள் சம்மதத்தோடுதான் அவள் கதையை இங்கே சொல்லப்போகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவத்தில் இருப்பது தைராய்டு. அதன் பின்புறத்தை ஒட்டி, பக்கத்துக்கு இரண்டாக, பெரும்பாலோருக்கு நான்கு சின்னஞ்சிறு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் பருப்பு அளவுதான். எடை சுமார் 30 முதல் 50 மில்லிகிராம். இவற்றுக்குப் பாராதைராய்டு என்று பெயர். பெயரில் தைராய்டு இருக்கிறதே தவிர, வேலையில் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் வேறு வேறு குடும்பம் மாதிரி.

இவை எவ்வளவு சிறியவை என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. மனித உடம்பின் பெரிய உறுப்புகள் எல்லாம் தெரிந்து வெகுகாலம் ஆன பிறகும் இவை யார் கண்ணிலும் படவில்லை. லண்டன் மிருகக்காட்சி சாலையில் இருந்த ஓர் இந்தியக் காண்டாமிருகம் 1849-ல் இறந்துபோயிற்று. அதை அறுத்துப் பரிசோதித்த ரிச்சர்ட் ஓவன் என்ற அறிஞர்தான் இப்படி ஒரு சுரப்பி இருப்பதை முதலில் குறித்து வைத்தார். நம் நாட்டுக் காண்டாமிருகம் வைத்தியத்துக்குச் செய்த உபகாரம் அது! மனிதர்களிடம் இதைக் கண்டுபிடித்து 1880-ல் எழுதியவர் ஸ்வீடன் தேசத்து மருத்துவ மாணவர் ஐவார் சாண்ட்ஸ்ட்ராம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுவதும் எடுத்த நோயாளிகளில் சிலருக்குக் கை, கால் இழுத்துக்கொண்டது. சிலர் இறந்தும் போனார்கள். காரணம் யாருக்கும் புரியவில்லை. அமெரிக்காவில் மெக்கல்லம், வோக்ட்லின் என்ற இருவர், பாராதைராய்டை எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் குறைகிறது, கால்சியம் கொடுத்தால் அந்த இழுப்பு நிற்கிறது என்று 1909-ல் நிரூபித்துக் காட்டினார்கள்.

இனி கெமிஸ்ட்ரிக்கு வருவோம். வளர்ந்த மனிதர் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவிகிதம் எலும்பிலும் பல்லிலும். மீதி ஒரு சதவிகிதத்தில்தான் நரம்பு, தசை, இதயம் எல்லாம் ஓடுகின்றன. எலும்பு ஃபிக்ஸட் டெபாசிட் என்றால், ரத்தம் தினசரிச் செலவுக்கான சேவிங்ஸ் கணக்கு. இந்தக் கணக்கில் 100 மில்லி ரத்தத்துக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் இருப்பு இருக்க வேண்டும். கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

இதை இரவும் பகலும் பார்த்துக்கொள்வது பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோன். சுருக்கமாக பி.டி.எச். அது மூன்று வேலை செய்கிறது. எலும்பிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்கு எடுத்துக் கொடுக்கிறது. சிறுநீரகத்தில் கால்சியம் வீணாகப் போகாமல் திருப்பி எடுத்துக்கொண்டு, வேண்டாத பாஸ்பேட்டை வெளியே தள்ளச் செய்கிறது. மூன்றாவதாக, வைட்டமின் டி-யை வேலை செய்யக்கூடிய ரூபத்துக்கு மாற்றும்படி சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுகிறது. அந்த வைட்டமின் டி இருந்தால்தான் நாம் சாப்பிடும் கால்சியத்தைக் குடல் நன்றாக உறிஞ்சும்.

தைராய்டை எடுக்கும்போது ஸர்ஜன் இந்த நான்கையும் காப்பாற்றத்தான் பார்க்கிறார். ஆனால் இவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் நூல் மாதிரி. கை பட்டாலே அதிர்ச்சி அடைந்துவிடும். சில சமயம் தைராய்டோடு ஒட்டிக்கொண்டு சுரப்பியே வெளியே வந்துவிடும். புற்றுநோய்க்காகச் சுற்றியுள்ள நெறிக்கட்டிகளையும் எடுக்கும்போது இந்த அபாயம் அதிகம். கைதேர்ந்த ஸர்ஜனிடமும் இது நேரலாம். இதற்காக யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பாதித் தைராய்டு மட்டும் எடுத்தால் மறுபக்கத்து இரண்டு சுரப்பிகள் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். முழுத் தைராய்டையும் எடுத்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குக் கால்சியம் தற்காலிகமாகக் குறைகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். நூற்றுக்கு ஓரிருவருக்கு, சில இடங்களில் அதற்கும் மேல், விழித்துக்கொள்வதே இல்லை. பன்னிரண்டு மாதம் கழிந்தும் திரும்பவில்லை என்றால் நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளலாம் என 2022-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது.

இப்போது என் தங்கையின் ஃபைலைப் பிரிக்கிறேன்.

1999-ல், அவளுக்கு நாற்பத்தொரு வயதில், வடக்கே ஓர் ஊரில் தைராய்டை முழுவதும் எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு மாத்திரை. தைராக்ஸின் ஆயுள் முழுவதும். கால்சியம் ஒரு மாதம். ஒரு மாதம் முடிந்தது, கால்சியமும் முடிந்தது. மறுபடி டெஸ்ட் செய்து பாருங்கள் என்று அந்தச் சீட்டில் ஒரு வரி இல்லை.

மாப்பிள்ளைக்கு பாங்கு உத்தியோகம். மூன்று வருஷத்துக்கு ஓர் ஊர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு டாக்டர். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போகிறது என்றாள். நரம்புத் தளர்ச்சி என்று பி-காம்ப்ளெக்ஸ் ஊசி. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, தைலம். காரணமில்லாமல் படபடப்பு, அழுகை, கணக்கு எழுதினால் மனசு நிற்பதில்லை; மாதவிலக்கு நிற்கும் வயது என்றார்கள். நாற்பத்தொன்பது வயதில் இரண்டு கண்ணிலும் புரை. சீக்கிரம் வந்துவிட்டதே என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டதோடு சரி. 2010-ல் ஒருநாள் வலிப்பு வந்து விழுந்தாள். காக்காய் வலிப்பு என்று ஃபெனிடாய்ன் மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்த மாத்திரை உடம்பில் வைட்டமின் டி-யைச் சீக்கிரம் சிதைத்துவிடும் குணம் உடையது. இருந்த கொஞ்சம் கால்சியமும் இறங்கி, அடுத்தடுத்து வலிப்பு வந்தது.

மூன்றாவது தடவை வேறோர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, டியூட்டியில் இருந்த ஓர் இளம் பெண் டாக்டர் அவள் கழுத்தில் இருந்த மெல்லிய தழும்பைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது என்ன ஆபரேஷன்?" என்று கேட்டாராம். பதினோரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. உடனே ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் 5.6. பி.டி.எச். இல்லவே இல்லை என்கிற அளவு. மூளை ஸ்கேனில் இரண்டு பக்கமும் கால்சியம் படிந்திருந்தது. மரத்துப்போனது, பிடித்து இழுத்தது, அழுகை, புரை, வலிப்பு என்று தனித்தனி ஃபைலாக ஓடிக்கொண்டிருந்த ஐந்துக்கும் தாய் ஃபைல் ஒன்றுதான்.

நீண்டகாலக் கால்சியம் குறைவு செய்யக்கூடிய கெடுதல்கள் இவையே. நரம்பும் தசையும் அளவுக்கு மீறித் துடிக்கும். கை விரல்கள் கூம்பியபடி இழுத்துக்கொள்ளும். தொண்டைத் தசை இழுத்தால் மூச்சே அடைக்கும். மூளையில் வலிப்பு, மந்தம், மனச்சோர்வு. கண்ணில் புரை. இதயத்தில் துடிப்பின் ஒழுங்கு மாறும், ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. என்ற இடைவெளி நீளும். அரிதாக இதயத் தசையே பலவீனமாகும். கால்சியம் சரியானால் அது தேறுவதும் உண்டு. தோல் வறண்டு, நகம் உடையும். என் தங்கைக்குக் கால்சியமும் கால்சிட்ரியால் மாத்திரையும் கொடுத்த பிறகு வலிப்பு மறுபடி வரவில்லை. சில மாதங்களில் ஃபெனிடாய்னையும் டாக்டரே படிப்படியாக நிறுத்தினார்.

கதை இத்துடன் சுபம் என்று நினைத்தோம். இரண்டாவது பாகம் இருந்தது.

2014-ல் இன்னோர் ஊர். அங்கே எடுத்த ரிப்போர்ட்டில் கால்சியம் 8.2. கம்ப்யூட்டர் அதன் பக்கத்தில் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்த டாக்டர், நார்மலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு மாத்திரைகளையும் இரட்டிப்பாக்கினார். தங்கைக்கும் உடம்பு தெம்பாக இருப்பதாகத் தோன்றியது. ஒன்றரை வருஷம் கழித்து இடுப்பில் தாங்க முடியாத வலி. சிறுநீரகத்தில் கற்கள். அப்போது கால்சியம் 10.9, சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின் 1.5. அது இன்றைக்கும் பழைய நிலைக்கு வரவில்லை.

இந்த இடம்தான் இன்றைய பேச்சின் மையம். தயவுசெய்து கவனியுங்கள்.

நாம் மாத்திரையாகக் கொடுப்பது கால்சியத்தை. காணாமல் போனது கால்சியம் அல்ல, அதைக் காவல் காத்த ஹார்மோன். காவல்காரர் இல்லாத சிறுநீரகம், ரத்தத்தில் அளவு சாதாரணமாக இருக்கும்போதே கால்சியத்தை மூத்திரத்தில் ஒழுகவிடும். ரத்தத்தில் அளவை ஏற்ற ஏற்ற ஒழுக்கும் கூடும். அது கல்லாகும், சிறுநீரகத் திசுவில் படியும், நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால்தான் இந்த நோயாளிகளுக்குக் குறி, சாதாரண அளவின் கீழ்ப்பாதி அல்லது அதற்குச் சற்றே கீழே. தொந்தரவு ஏதும் இல்லாமல் இருக்கும்போது, மற்றவர்களுக்குக் 'குறைவு' எனப்படும் 8.2 இவர்களுக்குச் சரியான அளவாக இருக்கலாம்.

பி.எஸ்ஸி.யில் படித்த இன்னொரு பாடமும் இங்கே உதவுகிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் ஓர் எல்லைக்கு மேல் சேர்ந்தாற்போல் கரைந்திருக்காது, படிந்துவிடும். பி.டி.எச். இல்லாதவருக்குப் பாஸ்பேட்டும் ஏறியிருக்கும். ஆகவே டாக்டர்கள் இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்க்கிறார்கள். 55-க்குள் இருப்பது நல்லது என்பது கணக்கு. கால்சியம் 9.5, பாஸ்பரஸ் 6.5 என்றால் பெருக்குத்தொகை ஏறக்குறைய 62. கால்சியத்தை மட்டும் பார்த்தால் அழகான ரிப்போர்ட். சேர்த்துப் பார்த்தால் அபாயம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தவருக்கு மூளையில் எப்படிக் கால்சியம் படியும் என்று நான் ஆரம்பத்தில் குழம்பியதுண்டு. அதற்கும் இந்தப் பாஸ்பேட் உயர்வு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

டென்மார்க் தேசத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு இந்தக் குறை ஏற்பட்ட 688 பேருடைய பதிவேடுகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் சிறுநீரகக் கோளாறுகளும் வலிப்பும் இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். ஆனால் ஆயுள் குறையவில்லை. கவனித்தால் நீண்ட நாள் வாழலாம் என்பது இதில் உள்ள நல்ல செய்தி. அந்த வாழ்வு எப்படி இருக்கும் என்பதைக் கவனிப்புதான் தீர்மானிக்கும்.

இனி நடைமுறை விஷயங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே கால்சியம், வைட்டமின் டி பார்த்துக்கொள்வது நல்லது. ஆபரேஷன் ஆன மறுநாள் பி.டி.எச். பார்த்தால், யாருக்குக் கால்சியம் இறங்கும் என்று ஓரளவு முன்கூட்டித் தெரியும். டிஸ்சார்ஜ் ஆகும்போது, "கால்சியத்தை எப்போது, எப்படிக் குறைப்பது? அடுத்த டெஸ்ட் என்றைக்கு?" என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிரந்தரக் குறை உள்ளவர்கள் நிலை சீராக இருந்தாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கால்சியம், ஆல்புமின், பாஸ்பரஸ், மக்னீசியம், கிரியாட்டினின் பார்ப்பது வழக்கம். ஆல்புமின் குறைந்தால் கால்சியமும் குறைந்ததுபோல் காட்டும்; அதற்காகத்தான் அதையும் சேர்ப்பது. மக்னீசியம் குறைந்திருந்தால் கால்சியம் எளிதில் ஏறாது. அவ்வப்போது 24 மணி நேர மூத்திரத்தைச் சேர்த்துக் கால்சியம் பார்க்க வேண்டும். கல் வரும் அபாயத்தை முன்னதாக எச்சரிக்கக்கூடிய டெஸ்ட் இது. அசௌகரியம் என்று தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரக அல்ட்ராசவுண்ட், கண் பரிசோதனை இரண்டையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் செய்துகொள்ளுங்கள்.

தைராக்ஸின் காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னால். கால்சியத்தை அதோடு சேர்த்து விழுங்கினால் தைராக்ஸின் உடம்பில் சரியாகச் சேராது. நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம் கார்பனேட் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டியது. அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். நம்மவர்களில் பலர் பான்டோப்ரஸோல் மாத்திரையை வருஷக்கணக்காக விழுங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் சொன்னால் கால்சியம் சிட்ரேட்டுக்கு மாற்றலாமா என்று பார்ப்பார். 1250 மில்லிகிராம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம்தான். அட்டையில் எந்த எண் போட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வாரம் ஒருமுறை சாப்பிடும் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டும் கால்சிட்ரியாலும் ஒன்றல்ல. பாக்கெட்டில் இருப்பது கச்சாப்பொருள், பி.டி.எச். இல்லாத உடம்பு அதை முழுமையாக வேலைக்கு ஏற்றதாக மாற்றாது. கால்சிட்ரியால் நேராக வேலை செய்வது. டாக்டர் இரண்டையும் கொடுக்கலாம். கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் வாங்கக் கூடாது. கால்சிட்ரியாலின் வேலை சில நாளில் தீர்ந்துவிடும். ஆகவே யாத்திரை போகும்போது மாத்திரையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏகாதசி உபவாசம் இருப்பவர்கள் மாத்திரையை விட்டுவிடக் கூடாது. மருந்து விரதத்தைக் கெடுக்காது என்று சாஸ்திரமே இடம் கொடுத்திருக்கிறது. உபவாச நாளில் எப்படிச் சாப்பிடுவது என்று டாக்டரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளலாம். வாந்தி, பேதி வந்தால் மாத்திரை உடம்பில் தங்காது. அன்றே டெஸ்ட் செய்ய வேண்டியிருக்கலாம். வேகமாக மூச்சுவிடும் பிராணாயாமங்களில் ரத்தத்தின் காரத்தன்மை ஏறி, செயல்படும் கால்சியம் குறையும். பஸ்த்ரிகா, கபாலபாதி ஆரம்பிக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் சோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் ஊசிகள் இவர்களுக்குக் கால்சியத்தை அபாயகரமாக இறக்கிவிடக்கூடும். முழங்கால் வலிக்குப் போன இடத்திலும், பல் வைத்தியரிடமும், "எனக்குப் பாராதைராய்டு இல்லை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பாலும் தயிரும் நல்லதுதான். ஆனால் அவற்றில் பாஸ்பரஸும் உண்டு. பால் குடிக்கிறோம், மாத்திரை வேண்டாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

உதடு, விரல் மரத்துப்போய், கை இழுத்து, தொண்டை அடைப்பதுபோல் இருந்தால் நேராக எமர்ஜென்ஸிக்குப் போக வேண்டும். அங்கே ஈ.சி.ஜி. பார்த்தபடி கால்சியத்தை நரம்பு வழியாக மெதுவாக ஏற்றுவார்கள். அதற்கு நேர்மாறாக, கால்சியம் மிகுந்தால் தாகம், மலச்சிக்கல், அடிக்கடி மூத்திரம், குழப்பம் வரும். அதுவும் டாக்டரிடம் ஓட வேண்டிய நேரமே.

காணாமல் போன ஹார்மோனையே ஊசியாகக் கொடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2015-ல் பி.டி.எச். 1-84 என்ற ஊசி அனுமதி பெற்றது. 2019-ல் அங்கே திரும்பப் பெறப்பட்டது. 2024 கடைசியோடு அதன் தயாரிப்பே நின்றது. அடுத்த தலைமுறையாகப் பாலோபெக்டெரிபாராடைட் என்ற தினசரி ஊசிக்கு ஐரோப்பாவில் 2023-லும் அமெரிக்காவில் 2024-லும் அனுமதி கிடைத்தது. பலருக்குக் கால்சியம், கால்சிட்ரியால் மாத்திரைகளையே விட்டுவிட முடிந்திருக்கிறது. நம்பிக்கைக்கு இடம் உண்டு. ஆனாலும் அளவைக் கண்காணிக்கும் வேலை அதிலும் ஓயாது.

என்னுடைய கோரிக்கை ஒன்றுதான். உங்கள் குடும்பத்தில், சம்பந்தி வீட்டில், அடுத்த ஃபிளாட்டில் கழுத்தில் அந்த மெல்லிய தழும்பு உள்ளவர் யாராவது இருப்பார்கள். பெரும்பாலும் பெண்களாக இருப்பார்கள். தங்கள் உடம்பைப் பற்றிக் கடைசியாகப் பேசுகிறவர்களும் அவர்கள்தான். ஆபரேஷன் ஆகி இருபது வருஷம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. கால்சியம் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின் மூன்றுக்கும் தேதி போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டி எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதன் முதல் பக்கத்தில், "கால்சியம் சாதாரண அளவின் கீழ்ப்பாதியில் இருக்க வேண்டும், ரிப்போர்ட்டில் குறைவு என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்ட வேண்டாம்" என்று அவர்களுடைய டாக்டரிடமே எழுதி வாங்கி ஒட்டுங்கள். ஊர் மாறினாலும், டாக்டர் மாறினாலும், அந்த நோட்டுப் புத்தகம் மாறாமல் கூடவே போகட்டும்.